மீன் சாறு வந்த ஊர், கருவாடு போகும் நாடு

ஊரை விட்டுப் போகிறவன் எதை மறந்தாலும் நாக்கின் ருசியை மறப்பதில்லை. உடுப்பை மாற்றிக்கொள்கிறான், புதுப் பாஷையும் கற்றுக்கொள்கிறான். சாப்பாட்டு வேளை வந்துவிட்டால் மட்டும் மனம் பழைய அடுப்படிக்கே ஓடிவிடுகிறது. இதற்குச் சான்று வேண்டுமானால், புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில் இருக்கும் அரியாங்குப்பத்துக்குப் போனால் போதும்.

அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அந்த மேட்டைத் தோண்டியபோது, ரோமானியர் காலத்து இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பெரும்பாலும் மது வந்த ஜாடிகள். பிற்பாடு அந்த ஓடுகளை ஆராய்ந்தவர்கள், சிலவற்றில் ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பிலிட்டுப் புளிக்கவைத்து எடுக்கும் 'காரும்' என்ற சாறும் வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். மதுவையாவது நம்மவர்களும் ருசித்திருப்பார்கள். மீனுக்குப் பஞ்சமே இல்லாத கடலோர ஊருக்கு, கடல் கடந்து மீன் சாறு எதற்கு? இங்கே வந்து தங்கிய யவனர்களின் நாக்குக்காகத்தான் என்று கருதுவோர் உண்டு.

இப்போது சரக்கு எதிர்த் திசையில் போகிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அவகாசம் கிடைத்தது. சில ஆயிரம் பேர் அப்படித் தேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் குடியிருக்கிறார்கள்.

அவர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டி கட்டுவதைப் பார்க்க வேண்டுமே! ஐரோப்பியச் சுங்கச் சட்டம் விசித்திரமானது. நெய்யும் பால்கோவாவும் போகக்கூடாது. பால் பண்டம், இறைச்சிப் பண்டம் எதற்கும் அனுமதி இல்லை. 2019 டிசம்பர் முதல், சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் மாம்பழமும்கூடப் போக முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விதிவிலக்கு. கருவாட்டுக்கோ தடையில்லை! சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டு போகலாம். மணக்கும் நெய்யைத் தடுத்துவிட்டு, நாறும் கருவாட்டுக்கு வழிவிடுகிறது சட்டம்.

பெட்டியில் கொண்டுபோனது எத்தனை நாளைக்கு? அப்புறம் கடைக்குப் போகத்தானே வேண்டும்? அங்கே முதல் பாடம் மரியாதை. கடைக்குள் காலெடுத்து வைத்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நேராக "ரொட்டி என்ன விலை?" என்று ஆரம்பித்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார். நம்மூரில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கிய கைக்கு அங்கே வேலையில்லை. சந்தையில் பெரும்பாலும் விற்பவரே பொறுக்கிப் போடுவார். தனியாக இருக்கும் கிழவர் ரொட்டிக் கடையில் நீள ரொட்டியில் பாதி கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார்கள், அதில் வெட்கமில்லை. 2016 முதல் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பை தருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன மஞ்சள் பை அங்கே கௌரவம் பெறுகிறது!

ஊர்ச் சாமான் வேண்டுமானால் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள லா ஷப்பேல் பக்கம் போக வேண்டும். 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களின் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. புளியும் முருங்கைக்காயும் கிடைக்கும். கூடவே புதுத் தமிழும் கிடைக்கும். நாம் பப்பாளி என்பது அவர்களுக்குப் பப்பாசி. நம்முடைய ரொட்டி அவர்களுக்குப் பாண். இது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். பிரெஞ்சுக்காரர் ரொட்டிக்குச் சொல்லும் சொல்லும் அதற்குப் பங்காளிதான்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. பிரெஞ்சு மசாலாக் கடைகளில் 'வடுவான்' என்று ஒரு சரக்கு விற்கிறார்கள். வெங்காயம், பூண்டு, வெந்தயம், கடுகு சேர்ந்த கலவை. பெயர் பெற்ற சமையல்காரர்கள் அதை மீனுக்கும் இறைச்சிக்கும் தூவுகிறார்கள். வேறொன்றுமில்லை, நம் வீட்டு மொட்டை மாடியில் உருண்டையாகக் காயும் தாளிப்பு வடகம்தான், புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய்ப் பெயர் மாறி நிற்கிறது!

வடுவானைப் புட்டியில் வாங்கும் பேத்திக்கு அது தன் ஆயாவின் வடகம் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு அல்ல. அரிக்கமேட்டு ஜாடி உடைந்த பிறகும், அதில் என்ன வந்தது என்பதை ஓடு சொல்லிவிட்டது. வடகத்துக்கு ஓடு கிடையாது. அடுப்படியில் ஒரு தலைமுறை வாய் மூடிக்கொண்டால், அதைத் தோண்டியெடுக்க எந்த வீலரும் வரப்போவதில்லை.