எந்த இணைப்பு இன்னும் முடியவில்லை?

ஜொகூரில் லாயாங் லாயாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் குலை ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் பின்னாலேயே போனால் ஒரு செம்பனை ஆலை வாசலுக்கு வந்து சேரலாம். உள்ளே எங்கு பார்த்தாலும் குழாய்கள். கொதிகலனிலிருந்து டர்பைனுக்கு, டர்பைனிலிருந்து குலைகளை அவிக்கும் நீண்ட கலன்களுக்கு, அங்கிருந்து எண்ணெய் பிழியும் பகுதிக்கு என்று அவை ஓடுகின்றன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வால்வுக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு பம்பின் வாயிலும், இரண்டு தடித்த இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் சேர்ந்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பது தெரியும். அதுதான் பிளாஞ்ச்.

குழாய் முழுவதையும் வெல்டிங் செய்துவிட்டால் கசிவுக்கான இடங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் வால்வைக் கழற்ற வேண்டியிருக்கிறது, பம்பைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது, கலனுக்குள் ஆள் இறங்கிச் சோதிக்க வேண்டியிருக்கிறது. திறந்து மூட ஓர் இடம் தேவை என்பதால்தான் பிளாஞ்ச். திறந்து மூடுகிற இடம் என்பதாலேயே அது கசியவும் கூடும்.

செம்பனை ஆலையில் குலை அவியும் கலனுக்குள் நீராவி ஏறத்தாழ 3 பார் அழுத்தத்திலும் 140 பாகை வெப்பத்திலும் நிற்கிறது. கொதிகலன் பக்கம் போனால் 20 பாரையும் தாண்டக்கூடும். ஓர் ஆலையில் இப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகள். இதே ஜொகூரின் தென்கிழக்கு முனையில் பெங்கெராங்கில், பெட்ரோனாசும் சவூதி அராம்கோவும் சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் கச்சா எண்ணெயைக் கையாளும் அளவுக்குக் கட்டப்பட்டது. அந்த அளவு ஆலையில் இணைப்புகள் பல்லாயிரம். அங்கே குழாய்க்குள் ஓடுவது நீராவி மட்டுமல்ல. ஹைட்ரஜனும், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளக்கூடிய அளவுக்குச் சூடேறிய எண்ணெயும் ஓடுகின்றன. இத்தனை இணைப்புகளையும் எண் போட்டு, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் இன்று பெரிய ஆலைகளில் வழக்கமாகி வருகிறது. அதன் திரையை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் போல்ட்டைப் புரிந்துகொள்ளாமல் திரையைப் படிக்க முடியாது.

போல்ட்டை இறுக்குகிறோம் என்றால் உண்மையில் அதை இழுத்து நீட்டுகிறோம். எஃகுத் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் இரண்டு பிளாஞ்சையும் நடுவிலுள்ள கேஸ்கெட் என்ற அடைப்பு வளையத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் ஸ்பேனரில் போடும் பலத்தில் இந்த நீட்சிக்குப் போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகக் கரைந்துவிடுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் கணக்கு வெகுவாக மாறும். பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரத்தில் உராய்வுக்கான எண் 0.20 ஆக இருந்து, மசகு தடவியதால் 0.15 ஆக இறங்கினால், அதே டார்க்கில், அதாவது அதே திருகு விசையில், போல்ட்டின் மீது ஏறும் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எந்த மசகு, தடவினார்களா இல்லையா என்று படிவத்தில் கேட்பது வெற்றுச் சடங்கல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கெட் அமுங்குகிறது. அமுங்கியதும் பக்கத்தில் ஏற்கெனவே இறுக்கி வைத்த போல்ட் தளர்கிறது. அதனால்தான் வரிசையாகச் சுற்றி இறுக்காமல், எதிரும் புதிருமாக மாறி மாறி இறுக்குகிறார்கள். முதல் சுற்றில் முழு டார்க்கில் 30 விழுக்காடு, அடுத்ததில் 70, பிறகு 100, கடைசியில் எந்த நட்டும் இனி நகராத வரை வட்டமாகச் சுற்றி வருவது. 2000ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்ட அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி.சி.சி.-1 என்ற வழிகாட்டி இந்த முறையை விரிவாகச் சொல்கிறது. சில மணி நேரம் விட்டு, கேஸ்கெட் அமர்ந்த பிறகு இன்னொரு சுற்று வருவது நல்லது என்றும் சொல்கிறது. ஒரு 8 அங்குலக் குழாயின் சாதாரண வகைப் பிளாஞ்சில் 8 போல்ட். நான்கு சுற்று என்றால் குறைந்தது 32 முறை டார்க் ரென்ச் நட்டில் ஏற வேண்டும். இந்த 32 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கு வரும்போது தேவைப்படும்.

இதையெல்லாம் மனிதர்கள் பல்லாண்டுகள் காகிதத்தில்தான் பதிந்துவந்தார்கள். காகிதம் எங்கே கைவிட்டது என்பதற்கு வட கடலில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று பகலில் அங்கே ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். திறந்திருந்த குழாய் வாயில் ஒரு மூடிப் பிளாஞ்சைப் பொருத்தி வைத்தார்கள். மாலைக்குள் வால்வைத் திரும்பப் போட முடியவில்லை. அந்த வேலைக்கான பெர்மிட் ஓரிடத்தில் இருந்தது. அதே பம்பின் வேறொரு பராமரிப்புக்கான பெர்மிட் இன்னோரிடத்தில் இருந்தது. இரவு ஷிப்டில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது பம்ப் நின்றுபோனது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு வால்வு கழற்றப்பட்ட செய்தி தெரியாது. முதல் பம்பை ஓட்ட முயன்றார்கள். இரவு 10 மணி அளவில் முதல் வெடிப்பு. 167 பேர் இறந்தார்கள். கசிவு அந்த மூடிப் பிளாஞ்சிலிருந்தே வந்திருக்க வேண்டும், அது கசியாத அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கவில்லை என்று கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை முடிவுசெய்து, 1990 நவம்பரில் 106 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டது.

அன்று குறை ஸ்பேனர் பிடித்த கையில் மட்டும் இல்லை. ‘இந்த இணைப்பு இன்னும் முடியவில்லை’ என்ற ஒரு வரி, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு வந்து சேரவில்லை. பிளாஞ்ச் மேலாண்மை மென்பொருளில் எத்தனை வண்ணப் படங்கள் இருந்தாலும் அதன் முதல் கடமை அந்த ஒரு வரியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அது வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. தோட்டத்தில் காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், செக்ரோல் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் குறிப்பதைப் போல, ஆலையின் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு எதிரே அன்றைய நிலை. பெயர் என்பது இங்கே ஓர் எண். குழாய் வரைபடத்தில் அது குறிக்கப்படும். இணைப்பின் மேல் கம்பியில் ஒரு டேக்காகவும் தொங்கும். டேக்கில் உள்ள குறியீட்டுக் கட்டத்தைத் தொழிலாளி கைப்பேசியில் ஸ்கேன் செய்ததும், அந்த இணைப்புக்கு எந்த அளவு போல்ட், எந்தக் கேஸ்கெட், எவ்வளவு டார்க், எந்த வரிசை என்பதெல்லாம் அவர் முன்னால் வரும். வேலை முடிந்ததும் தாம் பயன்படுத்திய ரென்ச்சின் எண்ணைப் பதிந்து, படமும் எடுத்து வைப்பார். படம் எதற்கு என்று கேட்கலாம். சுருள் கேஸ்கெட்டின் வெளி வளையத்துக்கு உலோக வகைப்படி நிறம் உண்டு: 304 வகை எஃகுக்கு மஞ்சள், 316 வகைக்குப் பச்சை. மூடிய பிறகும் அந்த வளையத்தின் விளிம்பு வெளியே தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் படத்தைப் பார்த்தே தவறான கேஸ்கெட்டைப் பிடித்துவிடலாம்.

பிரித்தது, முகம் சுத்தம் செய்து சோதித்தது, சேர்த்தது, இறுக்கியது, வேறொருவர் சரிபார்த்தது, அழுத்தச் சோதனை முடிந்தது: இந்தப் படிகளில் ஓர் இணைப்பு நகர நகர, மென்பொருளின் திரையான டேஷ்போர்டில் அதன் நிறம் மாறும். ஆலை முழுவதும் நிறுத்தப்படும் ஷட்டவுன் நாட்களில் காலைக் கூட்டத்தில் முதலில் திரையில் வருவது இதுதான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பெரிதாகத் தெரியும் எண் விழுக்காடு. 98 விழுக்காடு முடிந்தது என்றால் மனம் நிம்மதியடையும். ஆனால் 2,000 இணைப்புகளைத் திறந்த ஒரு ஷட்டவுனில் மீதி 2 விழுக்காடு என்பது 40 இணைப்புகள். அந்த 40உம் எங்கே இருக்கின்றன? குளிர்நீர்க் குழாய்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அது ஒரு செய்தி. எல்லாமே ஹைட்ரஜன் ஓடும் ஒரே பகுதியில் இருந்தால் முற்றிலும் வேறு செய்தி. விழுக்காடு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அதனால் நல்ல டேஷ்போர்டில் மொத்த எண்ணை விரலால் தொட்டால் பகுதிவாரியாகப் பிரியும். பகுதியைத் தொட்டால் இணைப்பு எண்களின் பட்டியல் வரும். எண்ணைத் தொட்டால் படமும் கையொப்பமும் வரும். கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு முடிந்தது’ அல்ல, ‘எவை முடியவில்லை, அவற்றுக்குள் என்ன ஓடப்போகிறது’ என்பதே.

அடுத்து நேரம். ஒவ்வொரு பதிவிலும் மணி இருக்கிறது. ஒரே ஆள் பதினைந்து நிமிடத்தில் பத்து 8 அங்குல இணைப்புகளை முடித்ததாக அறிக்கை சொன்னால், மேலே பார்த்த 32 இங்கே உதவிக்கு வருகிறது. பத்து இணைப்புக்கு 320 முறை. பதினைந்து நிமிடத்தில் எந்தக் கையாலும் ஆகாது. பெரும்பாலும் நடந்திருப்பது என்னவென்றால், வேலை பகலெல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், பதிவு மட்டும் ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து போடப்பட்டிருக்கும். சில சமயம் வேலையே நடக்காமலும் இருந்திருக்கும். இரண்டுக்கும் திரையில் ஒரே பச்சைதான். மாலை ஆறரைக்கு மேல் பதிவுகள் குவிவதைக் காட்டும் ஒரு வரைபடத்தை நான் எந்த விழுக்காட்டுப் படத்துக்கும் மேலாக மதிப்பேன். அதைப் பார்த்து ஆளைக் கண்டிப்பதைவிட, வேலை நடக்கும் இடத்தில் சிக்னல் வருகிறதா, கையுறையோடு கைப்பேசியை இயக்க முடிகிறதா என்று போய்ப் பார்ப்பது பயன் தரும்.

சரிபார்ப்பில் தள்ளப்பட்ட இணைப்புகளின் பட்டியலும் அப்படித்தான். சரிபார்ப்பவர் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை என்றால் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதற்கு முன், அவர் உண்மையில் ஏணி ஏறிப் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். இறுக்கியவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கும் பதிவுகளை மென்பொருளே தனியாகப் பிரித்துக் காட்டும். ஆய்வுத் தேதி கடந்துபோன ரென்ச்சால் இறுக்கப்பட்டவற்றையும் அப்படியே. ஒரு ரென்ச் தவறாகக் காட்டுகிறது என்று பின்னால் தெரியவந்தால், காகிதக் காலத்தில் அது தொட்ட இணைப்புகளைத் தேடி எடுப்பது நடவாத காரியம். இப்போது ரென்ச்சின் எண்ணைப் போட்டால் பட்டியல் வந்துவிடும்.

மலேசியாவில் கொதிகலன்களையும் அழுத்தக் கலன்களையும் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டக் கூடாது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் அந்தச் சான்று 15 மாதங்களுக்குச் செல்லுபடியாகி வந்தது. அந்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, சான்றிதழ் விதிகள் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. எந்தச் சட்டமானாலும் சோதனைக்குக் கலனைத் திறந்தாக வேண்டும். திறந்த ஒவ்வொரு பிளாஞ்சையும் திரும்ப மூடியாக வேண்டும். செம்பனை ஆலைகளும் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

ஷட்டவுன் முடிந்து ஆலை ஓடத் தொடங்கியதும் டேஷ்போர்டை மறந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அறிக்கைகளின் பெரும்பயன் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஓட்டத் தொடங்கிய முதல் நாட்களில் எந்த இணைப்பு கசிந்தது என்பதை அதே எண்ணின் கீழ் எழுதிவைத்தால், மூன்று நான்கு ஷட்டவுன்களுக்குப் பிறகு ஒரு வரலாறு கிடைக்கும். ஒரே வெப்பமாற்றியின் ஒரே பிளாஞ்ச் ஒவ்வொரு முறையும் கசிகிறது என்றால் குறை இறுக்கியவர் கையில் இருக்க வாய்ப்பில்லை. பிளாஞ்சின் முகம் தேய்ந்திருக்கலாம். குழாய் நேர்கோட்டில் இல்லாமல் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். சூடேறி ஆறும்போது போல்ட் தளர்கிறதாக இருக்கலாம். இந்த வரலாறு இல்லாத ஆலையில் ஒவ்வொரு முறையும் பழி கடைசியாக ஸ்பேனர் பிடித்தவர் மேல் விழுகிறது. அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அடுத்த ஷட்டவுனில் அங்கே இருக்க மாட்டார். சரியான பதிவு அவருக்குக் கிடைக்கும் நியாயமும்கூட.

லாயாங் லாயாங் போன்ற ஊர்ப்பக்கத்து ஆலைக்கு விலை உயர்ந்த மென்பொருள் இன்றே வேண்டும் என்பதில்லை. சில நூறு இணைப்புகளுக்குக் கணினியில் ஓர் அட்டவணை போதும்: இணைப்பு எண், அது இருக்கும் இடம், உள்ளே ஓடும் பொருள், போல்ட் அளவு, கேஸ்கெட், மசகு, டார்க், ரென்ச் எண், இறுக்கியவர், சரிபார்த்தவர், நாளும் மணியும், கசிவு ஏதும் உண்டா. முதலில் எண் போட வேண்டியது கொதிகலனிலிருந்து புறப்படும் முதன்மை நீராவிக் குழாயில். அங்கிருந்து நீராவி போகும் திசையிலேயே நடந்து, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு டேக்கைக் கட்டிக்கொண்டு வரலாம்.