ஐந்து சுரங்கள், நிற்க ஓர் இடம்

தங்கச் சுரங்கம் மூடிவிட்ட ஊரில், கிடாரோடு ரயிலேறும் ஓர் இளைஞரும் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியும் 'சோலோ'வின் சூட்சுமத்தைத் தேடுகிறார்கள்.

பேத்தமங்களா ஏரிக்கரை, ஞாயிறு மாலை. கோலார் தங்கவயலின் லைன் வீடுகளிலிருந்து பைக்கில் வந்த மூன்று இளைஞர்கள் இரண்டு கிடார்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கார்டுகளை மாற்றி மாற்றி மீட்ட, இன்னொருவரின் விரல்கள் தந்திகளின் மீது பறக்கின்றன. வேகம் அசத்துகிறது. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "நல்லா ஓடுறடா. ஆனா எந்த ஸ்டேஷன்லயும் நிக்கலையே!"

எல்லோரும் சிரிக்கிறார்கள், வாசித்தவரைத் தவிர. காரணம் இருக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் இசைக்குழு ஒன்று அவரை ஒத்திகைக்கு அழைத்திருக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் 16 பார் சோலோ வாசிக்க வேண்டும். தேறினால் மாதம் நான்கைந்து கச்சேரி, வீட்டு வாடகைக்கு ஆகும். முன்பு வேறொரு குழு ஒரே ஒத்திகையோடு திருப்பி அனுப்பிவிட்டது. "பாட்டு ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போறேன்னாங்க சார். ஆனா தப்பான நோட் ஒண்ணுகூட நான் வாசிக்கல" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊருக்குக் கிடார் புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்ட வந்த பிறகு கோலார் தங்கவயலுக்கு 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாலாற்றை மறித்த பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் சுரங்க நகருக்குக் குடிநீர் போனது. துரைமார்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கிளப்புகளில் நடனமாட, வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை பாறையைக் குடைந்தார்கள். பறையும் ஆர்மோனியமும் சர்ச் பாட்டும் இருந்த லைன்களுக்குள் கிளப்பின் கிடாரும் மெல்ல நுழைந்தது. இளைஞர்கள் 'மாஸ்டர்' என்று அழைக்கும் இந்தப் பெரியவரும் சிறுவயதில் கிளப்புக்கு வெளியே நின்று கேட்டவர். பகலில் சுரங்கம், சனி ஞாயிறுகளில் கல்யாண பேண்டு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. கிடார் மட்டும் கையில் தங்கியது.

இளைஞர் வாசித்தது பென்டடோனிக் ஸ்கேல், அதாவது ஐந்து சுர வரிசை. உலகெங்கும் சோலோ வாசிக்கத் தொடங்குபவர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான். ஐந்தாவது கட்டத்தில் விரல் வைத்தால் ஆறு தந்திகளிலும் தந்திக்கு இரண்டாகப் பன்னிரண்டு இடங்கள். ஒரு மணி நேரத்தில் மனப்பாடமாகிவிடும். எதைத் தொட்டாலும் காதுக்கு உறுத்தாது. மர்மம் ஒன்றுமில்லை. ஏழு சுரங்களில் ஒன்றையொன்று அரைச் சுர இடைவெளியில் நெருக்கும் ஜோடிகள் இரண்டு: க-ம, நி-ச. ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் உரசல் போய்விடுகிறது. மிஞ்சுவது ச, ரி, க, ப, த. நமக்குத் தெரிந்த மோகனம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவு. ஏழு சுரம் கொண்டதைப் பண் என்றும், ஆறைப் பண்ணியல் என்றும், ஐந்தைத் திறம் என்றும் வகுத்தது பழந்தமிழ் இசை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத்தீம்பாணியை மோகனமாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் பலர். அந்தக் குரவையில் ஏழு பெண்கள் ஏழு சுரங்களின் பெயர் பூண்டு வட்டமாக நிற்கிறார்கள். அந்த வட்டத்தில் எந்தச் சுரத்தை முதலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துப் பண் மாறும். பண்ணுப்பெயர்த்தல் என்ற இந்த முறையைப் பற்றி ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியான 'கருணாமிர்த சாகர'த்தில் விரிவாக எழுதினார்.

மோகனத்தின் ரி-யைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி. க-வை ஆக்கினால் இந்தோளம். ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி. த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. ராக் கிடார் கலைஞர்கள் 'மைனர் பென்டடோனிக்' என்பது இந்தக் கடைசி வரிசையைத்தான். கிடாரின் கழுத்தில் ஐந்து 'பாக்ஸ்'களாகச் சொல்லித் தரப்படுபவையும் இதே ஐந்து திருப்பங்கள்தான்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் கச்சேரியில் தம்புரா கடைசிவரை ஒரே சட்ஜத்தைப் பிடித்திருக்கும். சினிமாப் பாட்டிலோ சர்ச் பாட்டிலோ அடியில் கார்டு நகர்ந்துகொண்டே இருக்கும். கீழே தரை மாறும்போது மேலே அதே சுரத்தின் அர்த்தமும் மாறுகிறது.

மாஸ்டர் எடுத்துக்கொள்ளும் பாடம் நான்கு கார்டுகள்: ஏ மைனர், எஃப், சி, ஜி. சோலோவுக்கு ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து சுரங்கள். ஏ மைனர் கார்டின் உறுப்புகள் ஏ, சி, இ. மூன்றுமே வரிசையில் இருக்கின்றன. எஃப் வந்ததும் அதற்குச் சொந்தமானவை எஃப், ஏ, சி. நம்மிடம் இருப்பவை ஏ-யும் சி-யும் மட்டும். சி கார்டு வந்தால் சி, இ, ஜி. ஜி வந்தால் ஜி-யும் டி-யும். அதன் மூன்றாவது உறுப்பான பி வரிசைக்கு வெளியே நிற்கிறது. ஆக, முதல் இரண்டு கார்டுகளுக்கும் வீடாக இருந்த ஏ, சி கார்டு வந்ததும் விருந்தாளியாகிவிடுகிறது. பக்கத்து ஜி-க்கு இறங்கி நின்றால்தான் மனம் அமைதியடைகிறது.

"பாறையில எங்க வேணா துளை போடலாம். தங்கம் ரீஃப்ல மட்டும்தான்" என்கிறார் மாஸ்டர். கார்டு மாறும் கணத்தில் அதன் உறுப்புச் சுரம் ஒன்றில் இறங்க வேண்டும், நடுவில் எப்படி வேண்டுமானாலும் திரியலாம் என்பது அவர் கட்டளை. வரிசையில் இல்லாத பி-யை ஜி கார்டின்போது மட்டும் கடன் வாங்கவும் அனுமதி உண்டு. கார்டு மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது மூன்றாவது உறுப்புதான் என்பதால் அந்தக் கடனுக்கு மதிப்பு அதிகம்.

எல்லா உரசலும் தவறல்ல. ஏ-யில் வாசிக்கும் புளூஸ் இசையில் ஏ செவன்த் கார்டின் மேல் சி சுரம் உரசும். அந்தக் கார்டு கேட்பது சி ஷார்ப். வாசிப்பவர் தந்தியை லேசாக இழுத்து இரண்டுக்கும் நடுவே நிற்பார். கமகத்துக்குப் பழகிய காது இதை உடனே புரிந்துகொள்ளும். அடுத்து டி செவன்த் வரும்போது அதே சி அந்தக் கார்டின் சொந்த உறுப்பு. உரசலில் தொடங்கியது உறவில் முடிகிறது.

பேத்தமங்களாவைத் தாண்டும் பாலாறு ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகத்தில் ராணிப்பேட்டை வழியே போகிறது. அந்த ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான் கிடார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தவர். மின்கிடாரில் கர்நாடகக் கீர்த்தனையும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார். ராகத்தையும் கார்டையும் ஒரே விரல்களுக்குள் வைத்திருக்க முடியும் என்பதற்கு நம் ஆற்றங்கரையிலேயே சாட்சி இருக்கிறது. மோகன வர்ணத்தின் அடியில் கார்டுகள் நகர்வதைக் கேட்க 1988-ல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தின் 'நின்னுக்கோரி' பாட்டே போதும். அதை இசையமைத்த இளையராஜாவும் கிடார் பயின்றவர்தான்.

ஏரிக்கரையில் வெளிச்சம் குறைகிறது. இளைஞர் மறுபடி வாசிக்கிறார். முன்பு ஒரு பாருக்குப் பதினாறு சுரம் கொட்டியவர் இப்போது நாலைந்தோடு நிறுத்துகிறார். இரண்டு முறை தவறுகிறது. மூன்றாம் முறை மாஸ்டர் கையைக் காட்டிக் கார்டு வாசிப்பவரை நிறுத்துகிறார். "இப்ப அவன் மட்டும் வாசிக்கட்டும். கார்டு எங்க மாறுதுன்னு நீங்க சொல்லுங்கடா."

தனிக் கிடார் ஒலிக்கிறது. ஏ-யிலிருந்து அது ஜி-க்கு இறங்கும்போது, கார்டே இல்லாமல், "சி!" என்கிறார்கள் நண்பர்கள் இருவரும்.

"போதும், வீட்டுக்குப் போ" என்கிறார் மாஸ்டர். "சனிக்கிழமை அவங்க முன்னாடி இவ்வளவுதான் வாசிக்கணும். வேகத்தைப் பையிலயே வை."

இளைஞர் கிடாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டுகிறார். விடிவதற்குள் ரயிலைப் பிடிக்க வேண்டும்.