உங்களுக்குத் தெரியுமா? அசராத இமைகள்

திபெத்திய மொழியில் ‘உணர்ச்சி’க்கு நேரான பழைய சொல் கிடையாது. ஆசை, சினம், பொறாமை போல மனதைக் கலக்குபவை அனைத்தையும் ‘க்லேசம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தது பௌத்தம்.

அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க, 2000 மார்ச்சில் தர்மசாலாவில் தலாய் லாமாவுடன் ஐந்து நாள் உட்கார்ந்தார்கள் விஞ்ஞானிகள். அவர்களில் ஒருவர், முகபாவ ஆய்வாளர் பால் எக்மன்.

பின்னர் அவர் செய்த சோதனை சற்றே குறும்பானது. மரபணுவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு பௌத்தத் துறவியான பிரெஞ்சுக்காரர் மாத்யூ ரிக்காரை உட்காரவைத்து, துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தம் எழுப்பினார். இந்த மாதிரிச் சத்தத்துக்கு யாருக்கும் கண நேரத்தில் இமை மூடும், கழுத்து இறுகும். முன்கூட்டியே சொல்லிவைத்தாலும் அடக்குவது கடினம். தியானத்தில் இருந்த ரிக்காரின் முகத்திலோ அந்த அதிர்ச்சி வெகுவாகக் குறைந்திருந்தது.

ஒரே ஒருவரை வைத்துச் செய்த சோதனைதானே? நியாயமான கேள்வி.

அடுத்து ஆய்வாளர்கள் துறவிகளை விட்டு ஆசிரியைகளிடம் போனார்கள். 82 பேர் பங்கேற்ற ஆய்வில் ஒரு பகுதியினருக்கு 8 வாரங்களில் 42 மணி நேரப் பயிற்சி: தியானமும், கோபம் எழும் கணத்தைக் கண்டுகொள்ளும் வித்தையும். பயிற்சி பெற்றவர்களிடம் பதற்றமும், நடந்ததையே நினைத்துப் புழுங்குவதும் குறைந்ததாக 2012இல் முடிவுகள் வெளியாயின.