ஒன்பதாம் நாளை விட்டால் பேன் திரும்பும்

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையைச் சத்தமாகக் கேட்பவர்கள்கூடப் பேன் மருந்தை மட்டும் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குனிந்துதான் கேட்பார்கள். பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆனால் இந்தக் குரல்கள் கூடிவிடும்.

"அக்கா, போன மாசம்தான் போட்டுக் குளிப்பாட்டினேன். சுத்தமா போயிடுச்சு. இப்ப மறுபடியும் தலையைச் சொறியறா. இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க."

ஸ்ட்ராங்கான மருந்து இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. தேவை நாள் கணக்கு. நாங்கள் அதிகம் விற்பது பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். அது ஓடுகிற பேனைக் கொல்லும். முடியில் ஒட்டியிருக்கிற ஈரைப் பெரும்பாலும் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 9 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 நாளாவது வேண்டும். பெரிய பேன் தலையில் ஒரு மாதம்வரை வாழும். பெண் பேன் ஒரு நாளைக்கு 8 ஈர்வரை வைக்கும். ஆகவே முதல் முறை மருந்து போட்ட ஒன்பதாம் நாள் மறுபடி போட வேண்டும். அப்போது எல்லா ஈரும் பொரிந்திருக்கும், எந்தக் குஞ்சும் இன்னும் முட்டையிட்டிருக்காது. அந்த இடைவெளியைத் தவறவிட்ட வீட்டில்தான் "போயிட்டு மறுபடியும் வந்துடுச்சு" என்கிறார்கள். உண்மையில் அது போகவே இல்லை.

அதனால் லோஷன் கொடுக்கும்போது பில்லின் பின்பக்கம் இரண்டாம் முறை போட வேண்டிய தேதியை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். காலண்டரில் அந்தத் தாளை மடித்து வையுங்கள் என்பேன். போடும் முறையும் முக்கியம். சாதாரண ஷாம்பு போட்டு அலசி, துண்டால் ஈரம் ஒற்றிய தலையில் தடவ வேண்டும். மருந்துக்கு முன் கண்டிஷனர் கூடாது. எண்ணெய் இருந்தால் முதலில் நன்றாகப் போக்கிவிட வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மறக்காமல் தடவி, 10 நிமிடம் விட்டு அலச வேண்டும். கூடுதல் நேரம் ஊறவைத்தால் கூடுதல் பலன் என்று நினைக்க வேண்டாம். அதே பெர்மெத்ரின் சிரங்குக்கு 5 சதவீத க்ரீமாகவும் வருகிறது. அட்டையில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வியை நான்தான் கேட்பேன். "வீட்ல வேற யாருக்கு இருக்கு?" உடனே பதில் வரும்: "இவளுக்கு மட்டும்தான் அக்கா." பார்த்தீர்களா என்று கேட்டால் மௌனம். முதன்முதலாகப் பேன் ஏறினவர்களுக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். பிள்ளை சொறிகிறாள் என்று கவனிக்கிற அன்று அவளோடு ஒரே பாயில் படுக்கிற பாட்டி தலையிலும், தலை வாரிவிடுகிற அம்மா தலையிலும் பேன் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு இன்னும் அரிப்பே இல்லாமல் இருக்கலாம். பேன் பறக்காது, தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது நடந்து போகும். ஒரே போனில் ரீல்ஸ் பார்க்கத் தலை சேர்த்து உட்காரும் அக்கா தங்கைக்கு அது போதும். எனவே வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும், கிராப்பு வெட்டிய அண்ணன் தலை உட்பட. உயிருள்ள பேன் இருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே படுக்கையில் படுப்பவர்களுக்கும் அதே மாலையில் மருந்து போட வேண்டும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனி வெயிலில் மாமியார்தான் இரண்டு பெண்களுக்கும் பேன் பார்ப்பார். மருந்து போட்ட வாரங்களில் நான் ஈரத் தலையில் கண்டிஷனரைக் குழைத்துப் பூசி, சிக்கெடுத்த பிறகு, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுப்பேன். நனைந்து வழுவழுத்த முடியில் பேனால் ஓட முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கைவிட நெருக்கப் பற்களுள்ள உலோகச் சீப்பு நல்லது. 3, 4 நாளுக்கு ஒரு முறை என்று இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். பேன் சீப்பு இன்று நேற்று வந்ததல்ல. இஸ்ரேலில் பழைய லாக்கிஷ் நகரத்தைத் தோண்டியபோது சுமார் 3,700 ஆண்டுக்கு முந்திய தந்தச் சீப்பு கிடைத்தது. ஒரு பக்கம் அகலப் பற்கள், மறுபக்கம் நெருக்கப் பற்கள், மேலே பேன் ஒழியட்டும் என்ற வேண்டுதல் எழுத்து. அதை 2022இல்தான் படித்துச் சொன்னார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த மரச் சீப்பும் இதே அமைப்புத்தான்.

முடியில் வெள்ளையாகத் தெரிகிற ஈரைப் பார்த்துப் பயந்து மூன்றாம், நான்காம் முறை மருந்து போடுகிறவர்களும் உண்டு. முடி மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. பேனோ தலைத்தோலை ஒட்டித்தான் ஈர் வைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது அநேகமாகப் பொரிந்துபோன கூடு. இரண்டு முறை சரியாகப் போட்ட பிறகு வெறும் ஈருக்காக மறுபடி மருந்து வேண்டாம்.

இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் போர் தண்ணீரைக் குறை சொல்வார்கள். தண்ணீரிலிருந்தோ வியர்வையிலிருந்தோ பேன் வராது. தினமும் குளிக்கிற தலையிலும் ஏறும். மெத்தைக்கெல்லாம் மருந்து அடிக்க வேண்டாம். ரத்தம் கிடைக்காத பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். தலையணை உறை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்தால் போதும்.

சிலவற்றைக் கேட்கும்போது மனசு பதறுகிறது. மண்ணெண்ணெய் தடவுகிறார்கள், அது தீப்பிடிக்கும், தோலை அரிக்கும். கரப்பான் பூச்சிக்குத் தரையில் கோடு போடுகிற சாக்பீஸைப் பொடித்துக் குழந்தை தலையில் தேய்க்கிறார்கள், அது பூச்சிக்கொல்லி. சீத்தாப்பழ விதைப் பொடி இயற்கைதானே என்கிறார்கள். அது கண்ணில் வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கும். தயவுசெய்து வேண்டாம்.

வேண்டுதலுக்கு மொட்டை போடுவது சந்தோஷம். பேனுக்காக, அழுகிற பெண் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து மொட்டை அடிப்பது தண்டனை. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. வகுப்பில் தனி பெஞ்சில் உட்காரவைப்பதும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு வராதே என்று சொல்லக் கூடாது என்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம், "எங்க வீட்ல பேன் வந்திருக்கு, உங்க பொண்ணு தலையையும் பாருங்க" என்று சொல்லுங்கள். அது அவமானமில்லை, உதவி.

மருந்து போட்டு அரை நாள் கழித்துப் பேன் மெதுவாக நகர்ந்தால் பொறுங்கள், செத்துக்கொண்டிருக்கிறது. முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்துக்கு அது பழகியிருக்கலாம். பெர்மெத்ரினுக்கு அடங்காத பேன்கள் உலகின் பல நாடுகளில் இருக்கின்றன. அப்போது ஐவர்மெக்டின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. ஆனால் மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது, 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. சீட்டில்லாமல் அதை நான் தர மாட்டேன். தலையில் சீழ்ப்புண் வந்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, இரண்டு முறை சரியாகப் போட்டும் பேன் ஓடினாலோ மூன்றாவது பாட்டில் வாங்க எங்கள் கடைக்கு வராதீர்கள். ரயிலேறி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டரிடம் பிள்ளையின் தலையைக் காட்டுங்கள்.