நிற்பதா, விலகுவதா?



கவுன்டரில் நீண்ட வரிசை. நிற்கலாமா, போய்விடலாமா? நம் மனம் போடும் இந்தக் கணக்கைக் கணித அறிஞர்களும் போட்டிருக்கிறார்கள்.

வரிசைகளைப் பற்றிய ஆய்வுக்கு 1909-இல் வித்திட்டவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங். பொறுமையிழந்து பாதியில் விலகுபவர்களையும் பின்னர் கணக்கில் சேர்த்தவர், சுவீடன் நாட்டுப் பொறியாளர் கோனி பால்ம்.

1969-இல் ஆய்வாளர் பின்ஹாஸ் நவோர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். வரிசையில் சேரும்போது நம் லாபத்தையும் நம் காத்திருப்பையும் மட்டுமே பார்க்கிறோம். நமக்குப் பின்னால் வருபவர்களுக்கு நம்மால் ஆகும் தாமதத்தை நினைப்பதில்லை. அதனால், எல்லோருக்கும் நன்மை தரும் அளவைவிட வரிசை நீண்டுவிடுகிறது. இதற்கு அவர் சொன்ன வழி: நுழைவுக் கட்டணம்.

1985-இல் மற்றோர் ஆய்வாளர் ரெஃபாயேல் ஹாசின் சொன்ன வழி இன்னும் விசித்திரமானது. கடைசியாக வந்தவரை முதலில் கவனியுங்கள் என்றார்! புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் பழையவர்கள் பின்னுக்குப் போவார்கள். கடைக்கோடியில் நிற்பவர் காத்திருப்பதால் வேறு யாருக்கும் தாமதமில்லை. ஆகவே, விலகுவதுதான் தனக்கு நல்லது என்று அவர் முடிவெடுக்கும் கட்டம், எல்லோருக்கும் நல்லதாகவே அமையும்.

கணக்கு சரிதான். ஆனால், விலகிய மனிதர் வாசல்வரை போய், புதியவர்போல் திரும்பி வந்தால்?

அங்கேதான் சிக்கல்!