பத்தாவது படிக்கிற தம்பிக்கு நாம என்ன சொல்லலாம்?



செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். அது டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் என்பதும், 1888-ல் அவர் பிறந்தது நம்ம திருத்தணியில் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் ஏன் தத்துவம் படிச்சார் தெரியுமா? வீட்டில் பண வசதி குறைவு. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். பாடமும் அதுவே ஆகிவிட்டது.

அவருக்கு அது நல்லாவே அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையுமா? இன்னைக்கும் நம்ம பக்கத்துப் பசங்க பலர் குரூப் எடுக்கிறது எப்படின்னு பாருங்க. ஃப்ரெண்டு எடுத்தான், நானும் எடுத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் மெக்கானிக்கல், அதனால நானும் மெக்கானிக்கல். அதாவது கைக்கு எது கிடைக்குதோ அதுதான் படிப்பு. வீட்டிலேயே முதல் ஆளா காலேஜ் போற பிள்ளைக்கு வழி சொல்ல வேற யாரு இருக்கா? அந்த உறவுக்கார அண்ணன் இடத்தில் இன்று இருப்பது நாமதான். நாம கொடுக்க வேண்டியது நம்ம பழைய புத்தகத்தை மட்டும் இல்லை, எல்லா வழிகளையும் காட்டும் ஒரு வரைபடத்தை.

எந்தக் கதவு எப்போ மூடும்?

பத்தாவது ரிசல்ட் வந்த சில நாளிலேயே பிளஸ் ஒன் குரூப் முடிவாகிவிடும். அதனால பேச வேண்டிய நேரம் அதுக்கு முன்னாடிதான். முதல்ல இதைச் சொல்லுங்க:

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இந்த மூணு பாடமும் இல்லாத குரூப் எடுத்தால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு மட்டும் தனி வழி உண்டு. காமர்ஸ் எடுத்தால் எல்லாம் போச்சு என்றும் இல்லை. சி.ஏ. படிக்கலாம், ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம்.

பிளஸ் டூ மட்டுமே வழி என்பதும் இல்லை. பத்தாவது முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐடிஐயில் ஆரம்பித்து இன்ஜினியர் ஆகிற படிக்கட்டு இருக்கு. நம்ம வகுப்பிலேயே டிப்ளமோ முடித்து வந்த நண்பர்கள் இருப்பாங்க, அவங்களையே பேசச் சொல்லுங்க.

ஸ்கூல் மாத்துறதுக்கு முன்னாடி

இது ரொம்ப முக்கியம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும் "பிளஸ் ஒன்னாவது பிரைவேட்ல படிக்கட்டும்" என்று பெற்றோர் கடன் வாங்கி மாற்றுவாங்க. பாசத்தில் செய்யறதுதான். ஆனா அந்த ஒரு மாற்றத்தில் ஒதுக்கீடும் போகும், நாலு வருஷ ஃபீஸ் சலுகையும் போகும். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாவது முதல் எங்கே படித்தோம் என்பதைத்தான் பார்க்கின்றன. மாற்றுவதா வேண்டாமா என்பது அவங்க முடிவு. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்து முடிவு எடுக்கட்டும்.

நம்ம ஊர் எல்லையில் இருப்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. நகரி, புத்தூர் பக்கம் சில வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்று போன்ற கூடுதல் ஆவணங்கள் தேவைப்படலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்க. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம் என்றால், தெலுங்கு தெரிந்த நண்பரைக் கூட்டிட்டுப் போய் அம்மா அப்பாவுக்கும் விளக்குங்க.

வேலையைக் கண்ணில் காட்டுங்க

1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டும் மையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் சொன்ன முறை எளிமையானது. முதலில் உன்னைத் தெரிந்துகொள், அடுத்து வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். நம்ம பசங்க பெரும்பாலும் சறுக்குவது ரெண்டாவதில்தான். டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ் தாண்டி வேலைகளை அவங்க பார்த்ததே இல்லை.

வெளியூர் போகவே வேண்டாம். திருவாலங்காட்டில் இருக்கிற கூட்டுறவு சர்க்கரை ஆலையை எடுத்துக்குங்க. ஒரு சர்க்கரை ஆலை என்றால் சாறைப் பரிசோதிக்கும் வேதியியல் ஆள், பாய்லர் ஆபரேட்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், கணக்கு எழுதுபவர், வயலுக்குப் போய்க் கரும்பைப் பார்க்கும் வேளாண் அலுவலர் என்று பலர் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு படிப்பு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பதைச் சொல்லுங்க. மலைக்கோயிலைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, கோயில் செயல் அலுவலர் பணிக்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வு இருக்குன்னு சொல்லுங்க.

பள்ளிகளில் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கு, ஆசிரியர்களும் வழிகாட்டுறாங்க. ஆனா வகுப்பு முழுசுக்கும் சொல்வது வேற, நேத்துதான் அந்தப் பாதையில் நடந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது வேற.

பேசும்போது

"நீ என்ன ஆகப் போற?" என்று ஆரம்பிக்காதீங்க, பயந்துடுவாங்க. இந்த நாலு கேள்வி போதும்: எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே படிக்கிற? எந்த வேலையைப் பார்த்து "இது எப்படி செய்யறாங்க"ன்னு தோணுச்சு? வீட்டில் எவ்வளவு செலவு செய்ய முடியும், எவ்வளவு தூரம் அனுப்புவாங்க? முதல் திட்டம் நடக்கலைன்னா ரெண்டாவது என்ன?

பதிலை ஒரு பேப்பரில் அவங்களே எழுதட்டும். உங்களுக்குப் பிடித்த கோர்ஸை அவங்க தலையில் கட்டாதீங்க. தெரியாத கேள்வி வந்தா, தெரிஞ்சவங்க நம்பரைக் கேட்டு வாங்கிக் கொடுங்க.

இந்த லீவுக்கு ஊருக்குப் போறவங்க, தெருவில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற ஒரே ஒரு பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருங்க. நமக்கு அது ஒரு மணி நேரம்தான். அந்தப் பிள்ளைக்கு அடுத்த பல வருஷத்துக்கான முடிவு.