கீழே இறங்கிய கடல் தரை

குழந்தைகளே! பூமிக்கு அடியில் பெட்ரோலிய எண்ணெய் எப்படி இருக்கும்? ஏரி மாதிரி தளும்பிக்கொண்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரியவர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாறைக்குள் இருக்கும் நுண்துளைகளில், பஞ்சில் ஊறிய தண்ணீர் போலத் தங்கியிருக்கிறது.

நார்வே நாட்டை ஒட்டிய வட கடலில் எக்கோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயல் உண்டு. 1969-ல் கண்டுபிடித்து, 1971-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். கடல் ஆழம் சுமார் 70 மீட்டர். தரைக்குக் கீழே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் துளைத்தால் எண்ணெய்ப் பாறை வரும். அது சாக் பாறை! (நீங்கள் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், இதுதான் அசல் சாக்.) கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்து உண்டானது.

அவ்வளவு ஆழத்தில், மேலே கிடக்கும் மண்ணின் பாரத்தில் துளைகள் நசுங்கியிருக்க வேண்டும். ஆனால் இங்கே சில அடுக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளைகளே! காரணம், உள்ளே அடைபட்டிருந்த எண்ணெயின் அழுத்தம். காற்றடைத்த சைக்கிள் டயர் உங்கள் எடையைத் தாங்குகிறதல்லவா, அதுபோல.

காற்றைப் பிடுங்கினால் டயர் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. எண்ணெய் வெளியேற வெளியேற அழுத்தம் குறைந்தது. பாரம் முழுவதும் சுண்ணாம்புத் துகள்கள் மேல் விழுந்தது. துகள்கள் நழுவி, நொறுங்கி நெருங்கின, துளைகள் சுருங்கின. மேலிருந்த கடல் தரையும் மெல்ல இறங்கியது. 1984-ல் கவனித்தபோது, சுமார் 3 மீட்டர் இறங்கிவிட்டிருந்தது!

தரையோடு எண்ணெய் மேடைகளும் இறங்கினவே! புயல் அலை வந்தால் மேலே வேலை செய்பவர்கள் கதி என்ன? 1987-ல் மேடைகளின் இரும்புக் கால்களை அறுத்து, ராட்சத ஜாக்கிகளால் 6 மீட்டர் உயர்த்தி, இடையில் புதுத் துண்டுகளைப் பொருத்தினார்கள். மேடைகளுக்கிடையே பாலங்கள் இருந்ததால், இணைந்தவற்றை ஒன்றாகவே தூக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் வேலை இது.

இதில் ஒரு லாபமும் இருந்தது. தேங்காய்த் துருவலைப் பிழிந்தால் பால் வருவதுபோல, நசுங்கிய பாறை எண்ணெயைக் கிணற்றுப் பக்கம் தள்ளியது.

அழுத்தத்தைத் திரும்பக் கூட்ட, அதே 1987-ல் கடல் நீரைப் பெருமளவில் பாறைக்குள் செலுத்த ஆரம்பித்தார்கள். அழுத்தம் கூடியது, ஆனால் தரை இறங்குவது உடனே நிற்கவில்லை. சாக் பாறை தண்ணீர் பட்டால் பலம் இழந்துவிடும்! பல ஆண்டுகள் கழித்துத்தான் வேகம் குறைந்தது. மொத்தத்தில் 9 மீட்டர் அளவுக்கு, அதாவது மூன்று மாடி உயரத்துக்கு, தரை இறங்கிவிட்டது. பின்னால் வந்த மேடைகளை முதலிலேயே உயரமாகக் கட்டினார்கள்.